பாரதி பாடல்களும் மறுமெட்டும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பாடல் என்னும் சொல் தமிழில் இரு பொருள்களைக் குறித்து வந்துள்ளது. ஏட்டில் எழுதப்பெறும் செய்யுளும் பாடலே. மிடற்றிலிருந்து எழும் இசையும் பாடலே. இலக்கிய ஆய்வு முதற்பொருளைத் தனக்குரியதாகக் கொண்டு, இரண்டாவதை இசைத்துறைக்கு விட்டுவிட்டது. இப்பிரிவினையால் ஒரு முக்கியமான வினா இரு துறைகளுக்கும் இடையே நழுவிப் போயிற்று. பழைய பாடல் ஒன்றைப் பிற்காலத்தார் புதிய மெட்டில் பாடும்பொழுது அது மேம்படுகிறதா, குறைவுபடுகிறதா என்பதே அவ்வினா.

திரையிசையில் பழைய பாடல்கள் மறுகலவையாக வெளிவரத் தொடங்கிய பின்னர் இவ்வினா பொதுமேடைகளிலும் இதழ்களிலும் பெரிதும் விவாதிக்கப்பட்டது. பழையதே சிறந்தது என்பார் ஒரு சாரார். புதியது காலத்தின் தேவை என்பார் மற்றொரு சாரார். ஆயினும் இது திரையிசையோடு பிறந்த சிக்கல் அன்று. தேவாரம் தொட்டுப் பாரதி பாடல்கள் வரை தமிழில் பாடப்பெறும் பெரும்பகுதி ஏதேனும் ஒரு வகையில் மறுமெட்டின் வழியாகவே நம்மை அடைந்துள்ளது. அவ்வரலாற்றைப் பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாடலை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் தெளிவு கருதி மூன்று நிலைகள் இங்கு வேறுபடுத்தப்படுகின்றன. சொல்லும் மெட்டும் மாறாமல் குரல் மட்டும் மாறுவது மறுபாடல். சொல் நிற்க மெட்டு மாறுவது மறுமெட்டு. மெட்டு நிற்கச் சொல் மாறுவது மெட்டுக்குப் பாட்டு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதே இத்துறை விவாதங்களில் காணப்பெறும் குழப்பத்திற்கு முதற்காரணம் எனலாம்.

சொல்லும் இசையும் பிரிந்து வந்த மரபு

தேவாரத் திருப்பதிகங்களின் மீட்பு வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து ஏடுகள் கிடைத்தன. செல்லரித்தவை போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி வகுத்தார். ஏடு கிடைத்ததும் பணி நிறைவுறவில்லை. அவற்றுக்குரிய பண்களை அறிய வேண்டித் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை நாட வேண்டியதாயிற்று. புராணச் செய்தியின் வரலாற்று உறுதிப்பாடு எத்தகையதாயினும், அது உணர்த்தும் கருத்து தெளிவானது. சொல் ஏட்டில் தங்கியது. இசை ஒரு குடியின் நினைவில் தங்கியது. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து மீட்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டன.

இன்று ஓதுவார்கள் பழம்பஞ்சுரப் பதிகங்களைச் சங்கராபரணத்திலும், புறநீர்மைப் பதிகங்களைப் பூபாளத்திலும் பாடுகின்றனர். பண்ணுக்கும் இராகத்திற்கும் இடையே கொள்ளப்பட்ட இவ்விணைப்பு பிற்காலத்தது. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் பாடிய ஒலி இதுவே என்று எவரும் அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஆயினும் ஓதுவார் பாட்டைத் திரிந்த வடிவம் என்று எவரும் ஒதுக்குவதும் இல்லை. மூல இசை கேட்கக் கிடைக்காதவிடத்துப் பின்னைய இசையே மூலத்தின் இடத்தைப் பெற்றுவிடுகிறது என்பதற்கு இது முதற்சான்று.

இராம நாடகக் கீர்த்தனைகளின் மெட்டுகள்

அச்சுக்கு முற்பட்ட காலத்திலேயே மெட்டமைத்தவர் பெயர் தெரிய வரும் அரிய சான்று, சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனையாகும். கவிராயர் கம்பராமாயணத்தில் தோய்ந்த புலவர். அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரம் வேங்கடராமையர், கோதண்டராமையர் ஆகிய இருவரும் கீர்த்தனைகளுக்கு இசை வகுப்பதில் துணை நின்றனர். ஆகவே இராம நாடகம் தோற்றத்திலேயே கூட்டுப் படைப்பு. சொல்லுக்கு ஓர் ஆசிரியரும் மெட்டுக்கு வேறு ஆசிரியர்களும் அமைந்தனர்.

இக்கீர்த்தனைகள் கதாகாலட்சேபத்தில் தொடர்ந்து வழங்கின. இருபதாம் நூற்றாண்டில் அவை கச்சேரி மேடைக்கு வந்தபொழுது மெட்டுகள் மாறின. மிதிலைக் காட்சிக்குரிய 'யாரோ இவர் யாரோ' முன்னர்ச் சாவேரி இராகத்திற்கு உரியதாகக் குறிக்கப்பட்டது. இன்று கேட்போர் அதனைப் பைரவியிலேயே அறிவர். இம்மாற்றத்திற்குப் பின்னணியில் ஒரு சமூகத் தேவை இருந்தது. 1929இல் சிதம்பரத்தில் இராசா அண்ணாமலைச் செட்டியார் இசைக்கல்லூரியை நிறுவினார். 1941இல் அங்கு நிகழ்ந்த தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் மேடையில் தமிழ்ப்பாடல்களுக்கு உரிய இடத்தைக் கோரின. தமிழில் கச்சேரிக்குரிய உருப்படிகள் போதா என்ற எதிர்வாதத்திற்கு விடை கூற வேண்டிய நிலையில், பழைய சாகித்தியங்களுக்குக் கச்சேரித் தரத்தில் மெட்டமைக்கும் பணி விரைவுபெற்றது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் திருப்பாவைக்கு இசை வகுத்ததும் இவ்வகைப் பணியின் தொடர்ச்சியே.

இம்மறுமெட்டுகளால் அருணாசலக் கவிராயர் மேடையில் மீண்டும் வாழ்வு பெற்றார். அதே வேளையில் அவருடைய மாணாக்கர் இருவரின் பங்கு மறைந்தது. சொல்லாசிரியர் பெற்ற வாழ்வுக்கு மெட்டாசிரியர் கொடுத்த விலை இது. மறுமெட்டு மேம்படுத்தியதா என்று வினவுவோர், யாரை மேம்படுத்தியது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.

மெட்டை எடுத்தாண்ட பாரதி

பாரதியை மறுமெட்டுக்கு உள்ளான கவிஞராக மட்டுமே காண்பது பாதிப் பார்வையாகும். அவர் பிறர் மெட்டைத் தாமே எடுத்தாண்டவர். காவடிச்சிந்து, கும்மி, நொண்டிச்சிந்து முதலிய வழக்கு இசைகளை அவர் கையாண்ட திறம் பலராலும் ஆராயப்பட்டுள்ளது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பாடலின் வர்ணமெட்டைப் பெயர் சுட்டி எடுத்தாண்ட இடங்கள் தனிக்கவனத்திற்குரியவை.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியராகிய ஆண்டை நந்தனை இழித்துரைத்துத் தில்லைக்குச் செல்ல விடை மறுக்கும் பாடல் ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் இல்லாத இவ்வேதியர் பாத்திரம் கோபாலகிருஷ்ண பாரதியின் படைப்பு. சுப்பிரமணிய பாரதி, சுயராச்சியம் கோரும் இந்தியனுக்கு ஆங்கிலேய அலுவலன் விடையிறுப்பதாக அமைந்த தம் பாடலுக்கு அதே மெட்டைக் கொண்டார். தலைப்பிலேயே அம்மெட்டைக் குறிப்பிடவும் செய்தார்.

இதன் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நந்தனார் சரித்திரம் அக்காலத்தில் ஊர்தோறும் காலட்சேபமாகக் கேட்கப்பெற்றது. மெட்டு ஒலித்த அளவிலேயே கேட்போர் செவியில் ஆண்டையின் குரல் எழும். அக்குரலில் ஆங்கில அலுவலன் பேசுகிறான். ஆளும் அந்நியன் ஆண்டையாகவும், ஆளப்படும் நாட்டினர் அனைவரும் நந்தனாகவும் மாறுகின்றனர். சாதித் தருக்கோடு நந்தனைத் தடுத்த சமூகமே இன்று நந்தன் நிலையில் நிற்கிறது என்னும் கடுமையான உண்மையைச் சொற்கள் வெளிப்படக் கூறவில்லை, மெட்டே கூறிவிடுகிறது.

இவ்விடத்து மூலத்தின் நினைவே புதிய பாடலின் உயிர். மூலத்தை மறந்த செவிக்கு இப்பாடலின் பாதிப் பொருள் எட்டாது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த படமும், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினியின் 'நந்தனார்' படமும் அக்கதையை மக்கள் நினைவில் புதுப்பித்தன. காலட்சேப மரபு அருகிய பின்னர் அந்நினைவு மங்கியது. இன்று வகுப்பறையில் பாரதியின் அப்பாடலைச் சொல்லளவில் பயிலும் மாணவர், அதன் தலைப்பிலுள்ள மெட்டுக் குறிப்பை ஓர் அலங்காரமாகவே கடந்து செல்கின்றனர். உண்மையில் அது உரைக்குறிப்புக்கு நிகரானது. அதனை நீக்கினால் கவிதையின் ஒரு பொருளடுக்கே நீங்கிவிடும்.

மெட்டை விட்டுக்கொடுத்த பாரதி

மெட்டை எடுத்தாள்வதில் இத்துணைக் கவனம் காட்டிய கவிஞர், தம் மெட்டைப் பிறர் எங்ஙனம் கையாள வேண்டும் எனக் கருதினார்? இவ்வினாவுக்குக் கண்ணன் பாட்டில் நேரிய விடை உண்டு. பரலி சு. நெல்லையப்பர் 1917இல் முதன்முதலாக வெளியிட்ட இந்நூலின் பாடல்களுள் 'கண்ணம்மா – என் குழந்தை' ஒன்று. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது. இதற்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. சில சுர வரிசைகளும் தரப்பட்டுள்ளன. அவற்றை மாதிரியாகக் கொண்டு, பாடுவோர் தத்தம் மனோபாவத்திற்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்ற கருத்தில் அமைந்த குறிப்பும் உடன் உள்ளது.

தமிழ்க் கவிதை வரலாற்றில் இக்குறிப்பு அரியது. இராகம், தாளம், சுரம் மூன்றையும் தந்த கையே மாற்றுவதற்கான உரிமையையும் தருகிறது. 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் வித்துவான்கள் சில கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைப் பாரதி கடிந்துள்ளார். அக்கருத்தோடு இணைத்து நோக்கினால், மெட்டைக் கல்லில் பொறித்த எழுத்தாக அவர் கருதவில்லை என்பது புலனாகும்.

எனினும் இவ்வுரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. மாதிரியாகக் கொண்டு மாற்றுக என்னும்பொழுது மாதிரி முன்னிற்க வேண்டும் என்பது பெறப்படும். மாதிரியை அறியாமல் மாற்றுவது அவர் வழங்கிய உரிமைக்குள் அடங்குமா என்பது ஆய்வுக்குரியது. அதற்குப் பின்னைய வரலாற்றைக் காண வேண்டும்.

உரிமையும் மெட்டும்: 1947–1951

பாரதி 1921இல் மறைந்தார். அவர் குரல் ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. அவர் பாடிய முறையை நேரில் கேட்டோர் எழுதிய நினைவுக் குறிப்புகளே எஞ்சின. மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் எழுதிய 'பாரதி நினைவுகள்' அத்தகைய நூல்களுள் குறிப்பிடத்தக்கது. இத்தகைய நூல்கள் பாடிய சூழலைக் காட்டவல்லன, சுரத்தைக் காட்டமாட்டா.

பாரதி பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஒருகாலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1947இல் வெளிவந்த ஏவி.எம். நிறுவனத்தின் 'நாம் இருவர்' படத்தில் ஆர். சுதர்சனம் இசையில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் பரவின. 1948இல் வெளிவந்த 'வேதாள உலகம்' படத்திலும் பட்டம்மாள் குரலில் கண்ணன் பாட்டின் விளையாட்டுப் பிள்ளை பாடல் ஒலித்தது. ஒரு நிறுவனத்தின் உரிமை வரம்புக்குள் நின்று எழுந்த இசை என்பதால், அந்நாளில் பாரதி பாடலுக்கு மெட்டமைக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை.

பாரதி படைப்புகளைப் பொதுவாக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்ததன் பயனாக, 1949இல் சென்னை மாகாண அரசு அவற்றின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பரும் தம்மிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். உலக அளவிலும் ஒரு கவிஞனின் படைப்புரிமையை அரசு ஏற்றுப் பொதுமக்களுக்கு வழங்கிய முன்னோடி நிகழ்வாக இது பேசப்படுகிறது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1951இல், என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' வெளிவந்தது. இப்படத்திற்கு இசையமைத்தவர் சி.ஆர். சுப்பராமன். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய 'சின்னஞ்சிறு கிளியே' இராகமாலிகை இப்படத்தில் இடம்பெற்றது. இக்காலவரிசை கருதத்தக்கது. சொல்லுரிமை பொதுவானபொழுதுதான் மெட்டுரிமையும் பலர் கைக்கு வந்தது.

'சின்னஞ்சிறு கிளியே': பெற்றதும் இழந்ததும்

பாரதி குறித்த பைரவி, கம்பீரமும் கனிவும் கொண்ட பெரிய இராகம். சுப்பராமன் அமைத்ததோ காபியில் தொடங்கிக் கண்ணிதோறும் இராகம் மாறும் மாலிகை. இம்மாற்றம் பாடலுக்கு நலம் செய்ததா என்பதைப் பாடலின் அமைப்பைக் கொண்டே துணிய வேண்டும்.

பத்துக் கண்ணிகளால் ஆகிய இப்பாடலில், குழந்தையின் ஒவ்வொரு செயலும் தாய்மை நெஞ்சில் விளைக்கும் ஒரு தனி மெய்ப்பாடு கூறப்படுகிறது. ஓடி வருதல், ஆடித் திரிதல், பிறர் புகழ்தல், முத்தமிடல், முகம் சிவத்தல், நெற்றி சுருங்கல், கண்ணீர் வழிதல், மழலை பேசல் என நிகழ்ச்சிகள் மாறுகின்றன. அவற்றுக்கு ஏற்பக் குளிர்ச்சி, தழுவும் விருப்பம், செருக்கு, மயக்கம், சஞ்சலம், அச்சம், நெஞ்சுருக்கம் என உணர்வுகள் மாறுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் உவகை, பெருமிதம், அச்சம், அழுகை ஆகியவை ஒரு சிறு பாடலுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. இத்தகைய அமைப்புக்கு இராகமாலிகை பொருந்துவது வெளிப்படை. உணர்வு மாறுமிடத்து இராகமும் மாறுவதால், கேட்போர் ஒவ்வொரு கண்ணியையும் தனிக்காட்சியாக உணர்கின்றனர். சொற்பொருளை விளக்கும் உரையாக இம்மெட்டு தொழிற்படுகிறது. இது சுப்பராமன் பெற்றுத் தந்த ஆதாயம்.

இழப்பும் இல்லாமல் இல்லை. பாரதியின் குறிப்பில் உள்ள சுர வரிசை குறுகியது. ஒரு கண்ணிக்கு அளவானது. அடுத்த கண்ணிக்கும் அதுவே மீண்டும் வரும். மெட்டு மாறாமல் நிற்கச் சொல் மட்டும் மாறிச் செல்வது தாலாட்டின் இயல்பு. குழந்தையின் முகம் நொடிக்கு நொடி மாறினும் தாயின் அன்பு ஒரே சுருதியில் நிற்கிறது என்பதை அம்மாறாமை உணர்த்தியிருக்கக் கூடும். மேலும் இது பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது. பைரவியின் கனம் அக்குழந்தையின் தெய்வத் தன்மையை நினைவூட்டிக் கொண்டே இருந்திருக்கும். திரைக்கதைக்குள் நுழைந்தபொழுது பராசக்தி பின்னே சென்று குழந்தை முன்னே வந்தது. மேடைகளில் பத்துக் கண்ணிகளும் பாடப்பெறாமல் தேர்ந்தெடுத்த சிலவே பாடப்பெறும் வழக்கமும் நிலைத்தது. தனித்தனிக் காட்சிகளாகப் பிரிந்த பாடலில் ஒரு கண்ணி குறைந்தாலும் குறை தெரிவதில்லை.

எனவே, 'மணமகள்' மெட்டு சிறந்ததா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. உணர்வு வேற்றுமையைக் காட்டுவதில் அது சிறந்தது. உணர்வின் ஒருமையைக் காட்டும் வாய்ப்பை அது கைவிட்டது. இதனினும் முக்கியமான செய்தி வேறொன்று. 1951ஆம் ஆண்டு மெட்டை நாம் கேட்டுள்ளோம். பாரதியின் பைரவியைப் பாரதி பாடக் கேட்டதில்லை. ஒரு தரப்பின் வாக்குமூலம் மட்டுமே இருக்கும் வழக்கில் தீர்ப்புக் கூறுவது முறையன்று. சுர வரிசையைக் கொண்டு இசைவல்லார் அப்பைரவி வடிவைப் பாடிப் பதிவு செய்து, மாணவர்முன் இரண்டையும் வைத்த பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகும்.

மற்றொரு விளைவும் கவனிக்கத்தக்கது. கச்சேரி மேடைகளில் இப்பாடல் பாரதியார் பாடல், இராகமாலிகை என்றே பெரும்பாலும் அறிவிக்கப்படுகிறது. சுப்பராமன் பெயர் கூறப்படுவது அரிது. 'மணமகள்' வெளிவந்த அடுத்த ஆண்டிலேயே, 1952இல், முப்பது வயது நிரம்பாமல் அவர் மறைந்தார். அவருடைய மெட்டு பாரதி பெயரில் வாழ்கிறது. அருணாசலக் கவிராயரின் மாணாக்கர்க்கு நேர்ந்ததே இருபதாம் நூற்றாண்டின் திரையிசையாளர்க்கும் நேர்ந்துள்ளது. பழைய மெட்டு மறைவது ஒருவகை இழப்பு. புதிய மெட்டு தன் ஆசிரியரை இழந்து பழையதாகவே எண்ணப்படுவது மற்றொரு வகை இழப்பு.

கன்னட நாட்டு ஒப்புமை

அப்பாடலைப் பாடிய எம்.எல். வசந்தகுமாரியே இவ்வாய்வுக்கு ஓர் ஒப்புமைக்கும் வழி காட்டுகிறார். தாய் லலிதாங்கியின் வழியில் அவர் புரந்தரதாசரின் கன்னடப் பதங்களைத் தமிழகக் கச்சேரி மேடைகளில் நிலைபெறச் செய்தார். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புரந்தரதாசரின் பதங்கள் சொல்லளவில் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றுக்கு இன்று வழங்கும் மெட்டுகளிற் பெரும்பாலானவை பிற்காலத்தார் அமைத்தவை. ஒரே பதம் வெவ்வேறு பாடகரிடம் வெவ்வேறு இராகத்தில் ஒலிப்பது அங்கு இயல்பாக ஏற்கப்படுகிறது.

பெங்களூரு – ஓசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த சந்தாபுரா போன்ற ஊர்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் அன்றாடம் புழங்குகின்றன. இத்தகைய எல்லைப்புறங்களில் பாடல் மொழி கடந்து செல்லும்பொழுது சொல்லுக்கு முன்னே மெட்டே செல்கிறது. சொற்பொருள் விளங்காத செவியும் மெட்டை ஏற்றுக்கொள்ளும். ஒரு மொழிக்குள் நின்று மட்டும் மறுமெட்டை ஆராய்வோர், மெட்டைச் சொல்லின் பணியாளாகவே மதிப்பிட நேரும். அண்டை மொழிகளோடு வைத்து ஆராயும்பொழுது மெட்டுக்கும் தனி வரலாறு உண்டு என்பது விளங்கும். தாசர் பதங்களையும் பாரதி பாடல்களையும் ஒருங்கே வைத்து ஆராயும் பணிக்குக் கன்னட நாட்டிலுள்ள தமிழாய்வாளர்கள் மிகவும் உரியவர்கள்.

ஒலிப்பதிவுக்குப் பின்

இதுவரை கண்ட சான்றுகளில் மூல இசை கேட்கக் கிடைப்பதில்லை. இரண்டும் கேட்கக் கிடைக்கும் சான்று ஒன்றை நோக்குவது ஒப்பீட்டை நிறைவு செய்யும். 1964இல் வெளிவந்த 'படகோட்டி' படத்தில் வாலி எழுதி, விசுவநாதன் – இராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடிய 'தொட்டால் பூ மலரும்' பெரும்புகழ் பெற்றது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2004இல், 'நியூ' படத்திற்காக ஏ.ஆர். ரகுமான் அச்சொற்களைக் கொண்டு வேறு மெட்டு அமைத்தார். அதே காலப்பகுதியில் வெளிவந்த பல மறுகலவைகள் பழைய மெட்டையே வைத்துத் தாளக்கட்டையும் வாத்தியங்களையும் மாற்றின. 1970இல் வந்த 'சொர்க்கம்' படப்பாடல் 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் மீண்டு வந்தது இவ்வகையின்பாற்படும். 'நியூ' படப்பாடலோ மேற்கூறிய பாகுபாட்டின்படி முழு மறுமெட்டு.

இரண்டு மெட்டுகளும் இன்று அருகருகே வாழ்கின்றன. பின்னது முன்னதை அழிக்கவில்லை, அழிக்கவும் இயலாது. ஒலித்தட்டு அதனைக் காத்து நிற்கிறது. இந்தியாவில் 1902இல் கௌகர் ஜான் பாடலோடு வணிக ஒலிப்பதிவு தொடங்கியது முதலாக, மறுமெட்டின் தன்மையே மாறிவிட்டது. ஒலிப்பதிவுக்கு முன் மறுமெட்டு மூலத்தின் இடத்தில் அமர்ந்தது. ஒலிப்பதிவுக்குப் பின் அதன் அருகில் நிற்கிறது. எது சிறந்தது என்னும் வினாவைக் கேட்போர் நேர்மையுடன் எழுப்பக் கூடியது இரண்டாம் நிலையில்தான்.

சட்டமும் இம்மாற்றத்தை ஒருவகையில் உணர்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுபாடல் பதிவை அனுமதிக்கிறது. தொழில்நுட்பத் தேவை கருதாத மாற்றத்தை, உரிமையாளரின் இசைவின்றிச் சொல்லிலும் இசையிலும் செய்தல் கூடாது என்கிறது. மனோபாவப்படி மாற்றிப் பாடும் உரிமையை வழங்கிய பாரதியின் குறிப்போடு இவ்விதியை ஒப்பிட்டால் இரு வேறு உலகங்கள் தெரியும். சட்டம் பாடலை ஓர் உடைமையாகக் காண்கிறது. பாரதி அதனை ஒரு மரபாகக் கண்டார். உடைமைக்கு வேலி இன்றியமையாதது. மரபுக்கு வேண்டுவது மூலத்தை மறவாத நினைவு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. மறுமெட்டு மூலத்தை மேம்படுத்துகிறதா என்னும் வினாவுக்குப் பொதுவிடை இல்லை. மூலம் கேட்கக் கிடைக்கிறதா என்பதே முதலில் தெளிய வேண்டியது. கிடைக்காதவிடத்து மறுமெட்டே பாடலின் உயிராகிறது. தேவாரமும் இராம நாடகமும் இதற்குச் சான்று. மூலத்தின் நினைவை நம்பியே பொருள் தரும் படைப்பும் உண்டு. நந்தன் மெட்டில் பாரதி பாடியது அதற்குச் சான்று. சொல்லின் ஒரு கூற்றை ஒளிரச் செய்து மற்றொரு கூற்றை நிழலில் விடுவது மறுமெட்டின் பொதுவியல்பு. 'சின்னஞ்சிறு கிளியே' அதற்குச் சான்று.

இவற்றிலிருந்து பதிப்பாசிரியர்க்கு ஒரு கடமை எழுகிறது. பாரதி பாடல்களின் மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் இராக, தாள, வர்ணமெட்டுக் குறிப்புகள் விடுபட்டு, சொல் மட்டும் அச்சாகிறது. அக்குறிப்புகளும் பாடத்தின் பகுதியே. இலக்கியப் பாடத்திற்குப் பாடபேதம் காட்டுவது போல இசைப்பாடலுக்கு மெட்டுபேதமும் காட்டப்பட வேண்டும். ஆசிரியர் குறித்த இராகம், பின்னர் வழங்கும் இராகம், மெட்டமைத்தவர், முதலில் பதிவு செய்தவர், ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பாடலுக்கும் தொகுக்கும் பணியைத் தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளலாம். 1940கள், 1950களின் இசைத்தட்டுகள் இன்னும் தனியார் சேகரிப்புகளில் உள்ள நிலையில் இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.

அவ்வட்டவணை அமையுமாயின், பைரவியைத் தந்து மாற்றிப் பாட இசைவளித்த பாரதிக்கும், அவ்விசைவை ஏற்று இராகமாலிகை தந்த சுப்பராமனுக்கும் உரிய இடம் ஒருங்கே கிடைக்கும். பழையதா புதியதா என்னும் வழக்கில் தீர்ப்புக் கூறுமுன் இருவர் பெயரையும் ஏட்டில் பதிவு செய்வதே ஆய்வு நெறிக்கு ஏற்புடையதாகும்.